குழல்வாய்மொழி கேட்டு வந்த இயந்திரக் கை

மேலகரத்தில் எபனேசர் நடத்தும் ஆப்செட் அச்சகத்தில் குழல்வாய்மொழி தாள் வெட்டுகிறாள். வயது நாற்பத்திரண்டு. அந்த வேலையில் பெண்கள் அபூர்வம். அவளும் அதற்கென்று போனவள் அல்ல. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், கல்யாணப் பத்திரிகை மடிக்கச் சேர்ந்தவள். ஒரு மார்கழியில் காலண்டர் வேலை குவிந்து கிடந்தபோது, வெட்டுகிறவர் விசா வந்துவிட்டதென்று சவுதிக்குக் கிளம்பிவிட்டார். எபனேசர் சிவகாசிக்குப் போன் மேல் போன் போட்டும் ஆள் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் குழல்வாய்மொழி அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மொதலாளி, நான் வெட்டுதேன். தெனம் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

அவர் சிரித்தார். பிறகு வேறு வழியில்லாமல் கழிவுத் தாளைக் கொடுத்து வெட்டிக் காட்டச் சொன்னார். அளவுகோல் வைத்துப் பார்த்தார். அரை மில்லிகூடப் பிசகவில்லை. அன்றிலிருந்து பதினாறு வருஷம் அவள்தான்.

கத்தியை இறக்குவது பெரிய காரியமல்ல. அதை மோட்டார் செய்துவிடும். அதற்கு முன்னால் ஐநூறு தாள் கொண்ட கட்டைத் தூக்க வேண்டும். விசிறிபோல் வளைத்துத் தாள்களுக்கு நடுவே காற்றேற்றி, அதிரும் மேஜையில் வைத்துத் தட்டி, ஓரங்கள் ஒன்றுபோல் சேர்ந்ததும் மறுபடி தூக்கிக் கத்திக்கு அடியில் முட்டவைக்க வேண்டும். வெட்டி முடிந்ததும் இன்னொரு தரம் தூக்கி இறக்க வேண்டும். இதில் அவளுக்கு ஜோடி சுடலைராஜ். அச்சன்புதூர்க்காரர், அவளைவிட ஏழு வயது மூத்தவர். மிஷின் சத்தத்தில் பேச முடியாது என்பதால் இருவரும் கண்ணாலேயே பேசிப் பழகியிருந்தார்கள். அவள் முகம் சுளித்தால் அடுத்த கட்டை அவர் தூக்குவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அடிக்கடி முகம் சுளிக்க ஆரம்பித்தாள். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. தென்காசியில் ஒரு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, தோளுக்குள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்றார்.

"அப்பம் என் வேலை?"

"வேற வேலை பாருங்கம்மா."

ஆறு வாரம் வீட்டிலிருந்தாள். சும்மா இருந்து பழக்கமில்லாததால் கைபேசியில் தாள் வெட்டும் வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தாள். அதில் ஒன்று, எந்த ஊரோ தெரியவில்லை, மஞ்சள் நிற இயந்திரக் கை ஒன்று கட்டைத் தூக்கிக் காற்றேற்றித் தட்டிக் கொண்டுபோய்க் கத்திக்கு அடியில் வைக்கிறது. பக்கத்தில் ஒருவர் கைகட்டி நிற்கிறார். அவள் இயந்திரத்தைவிட அந்த மனிதரின் தோளைத்தான் அதிகம் பார்த்ததாகப் பிற்பாடு சொன்னாள்.

லீவு முடிந்து போனதும் எபனேசரிடம் அதைக் காட்டினாள். அவர் முழுவதும் பார்த்தார்.

"இது வந்துட்டா ஒனக்கு என்ன வேலை இருக்கும்னு யோசிச்சியா?"

"தூக்குறத அது பாக்கட்டும் மொதலாளி. வெட்டுறத நான் பாக்கேன்."

எபனேசருக்கும் இவள் போனால் வெட்ட வேறு ஆள் கிடைக்காது என்கிற கவலை வெகுநாளாக உண்டு. ஒரு மாதம் விசாரித்தார். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றோடு பேசி முடித்தார்.

செய்தி தெரிந்ததும் சுடலைராஜ், சாப்பாட்டு இடைவேளையில், எல்லார் முன்னிலையிலும் கேட்டார்: "ஒனக்குத் தோளு வலிச்சா நீ லீவு போடு. எம் பொழப்புல எதுக்குக் கை வைக்க?"

தன் தோளைப் பற்றி மட்டுமே யோசித்தோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

பிப்ரவரியில் கோயம்புத்தூர்க் கம்பெனியிலிருந்து ஜாஹிரா பீவி என்ற இன்ஜினீயர் வந்தாள். சொந்த ஊர் கடையநல்லூர். முதல் மூன்று நாள் அவள் மிஷினையே தொடவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இவர்கள் இருவரும் எத்தனை தரம் தூக்குகிறார்கள், எவ்வளவு கனம், எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் நோட்டை மூடினாள்.

"அக்கா, நீங்க ரெண்டு பேரும் ஒரு நாளைக்கு ஏழு டன் தூக்குதிய."

"ஏழு டன்னா?"

சுடலைராஜ் அந்தப் பக்கம் கைகழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "புளியங்குடியில ஒரு லாரி எலுமிச்சங்கா. அத நாலு பேரு ஏத்துவான்."



ஏப்ரலில் இயந்திரக் கை வந்து இறங்கியது. அதைச் சுற்றி ஆள் நுழையாமல் கம்பிவேலி போட வேண்டியிருந்தது. அதற்கு இடம் போதாமல், உள்சுவரோரம் அடுக்கியிருந்த தாள் முழுவதையும் மேற்குப் பக்கத்து ஷட்டர் அருகே நகர்த்தினார்கள். சுடலைராஜை அட்டைப்பெட்டி ஒட்டும் பகுதிக்கு மாற்றினார் எபனேசர். சம்பளம் குறையவில்லை. ஆனால் அங்கே பெண்களோடு உட்கார்ந்து பசை தடவுகிற வேலை. அவர் போய் உட்கார்ந்தார்.

மே மாதம் முழுவதும் வேலை சீராக நடந்தது. குழல்வாய்மொழி திரையில் அளவைத் தட்டுவாள். அது தூக்கும், தட்டும், வைக்கும். அவள் ஓரத்தைப் பார்த்துவிட்டு கத்தியை இறக்கும் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்துவாள். வலி குறைந்தது.

ஜூனில் சாரல் விழுந்தது. குற்றாலத்துக்குப் போகும் வண்டிகள் மேலகரம் ரோட்டில் நகர முடியாமல் நின்றன. அந்த வாரம் ஓர் ஊறுகாய்க் கம்பெனியின் லேபிள் வெட்டியபோது, இடது பக்கத்துப் பச்சைக் கோடு பாதி லேபிளில் இல்லை. இரண்டு மில்லி விலகல். கவனிப்பதற்குள் மூவாயிரம் தாள் வீணாகிவிட்டது. ஜாஹிரா ஓடி வந்து இயந்திரக் கையை அக்குவேறு ஆணிவேறாகச் சோதித்தாள். அதில் குறையொன்றும் தெரியவில்லை. மறுபடி ஓட்டினால் மறுபடி விலகியது.

சரக்கு மூன்றே நாளில் போக வேண்டும். எபனேசர் பெட்டிப் பகுதிக்குப் போய் சுடலைராஜைக் கூப்பிட்டார்.

"இப்பம் மட்டும் நான் வேணுமாக்கும்?" என்றார் அவர். ஆனால் எழுந்து வந்தார்.

ஒற்றை ஆளாக வெட்டினார். குழல்வாய்மொழியைக் கட்டைத் தொட விடவில்லை. "தள்ளி நில்லு" என்றார். அவள் நின்றாள். அவர் ஒவ்வொரு கட்டையும் வழக்கத்தைவிட அதிக நேரம் தட்டுவதையும், இரண்டு தரம் காற்றேற்றுவதையும், சில தாளை எடுத்து அப்பால் போடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் மதியம் அவர் ஒரு தாளை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஓரம் நெளிநெளியாக இருந்தது.

"பேப்பரக் கொண்டுபோயி சாரல்ல போட்டுட்டு, மிஷினு சரியில்லங்கிய. நல்லாத்தான் இருக்கு."

அவள் ஷட்டரைப் பார்த்தாள். அது கால்வாசி தூக்கியே கிடந்தது. ஈரமான மலைக்காற்று நேரே தாள் மீது வந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே ஜாஹிராவும் அவளும் ஆட்களைக் கூப்பிட்டுத் தாளை உள்ளே மாற்றினார்கள். வேலியை இரண்டடி தள்ளிப்போட்டார்கள். தாளைப் பிளாஸ்டிக் போட்டு மூடி ஒரு நாள் முழுக்க வைத்தார்கள். கட்டின் உயரத்தைப் பாதியாக்கி, காற்றையும் தட்டும் நேரத்தையும் கூட்டினாள் ஜாஹிரா. இயந்திரக் கை வைத்த முதல் கட்டை வெட்டியதும் குழல்வாய்மொழி அளவுகோலைப் பொருத்திப் பார்த்தாள். கோடு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

எபனேசர் அவளைப் பாராட்டியபோது, கண்டுபிடித்தது சுடலைராஜ் என்று சொன்னாள். இயந்திரக் கையை இரண்டாம் ஷிப்டிலும் ஓட்ட இன்னொரு ஆள் வேண்டுமே, அவரையே போட்டால் என்ன என்றும் கேட்டாள். எபனேசர் சம்மதித்தார். சேதி சொல்ல அவளே பெட்டிப் பகுதிக்குப் போனாள்.

"அண்ணாச்சி, நீங்க சொன்னதாலதான் அது சரியாச்சு. சொல்லாம இருந்திருந்தா..."

"சொன்னா அது திரும்ப ஓடும்னு தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றார் சுடலைராஜ். "வீணாப் போற பேப்பரப் பாத்துக்கிட்டு இருக்க முடியல."

"அப்பம் ரெண்டாம் ஷிப்டுக்கு வாங்களேன்."

"அது தூக்குறதப் பாத்துக்கிட்டு நிக்கவா? எனக்கு ஆகாது தாயி."

ஆகஸ்டில் வேலையை விட்டு நின்றார். புளியங்குடியில் மச்சான் வைத்திருக்கும் எலுமிச்சை கமிஷன் கடையில் இருக்கிறார். மூட்டை தூக்குகிறாரா, தராசு பார்க்கிறாரா என்று அவளுக்குத் தெரியாது. ஒரு தரம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் பார்த்தாள். "தோளு எப்படிட்டி இருக்கு?" என்று கேட்டார். "பரவால்ல அண்ணாச்சி" என்றாள். அவர் தோளைப் பற்றிக் கேட்க நினைத்தாள். அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது.

இந்த வருஷம் ஜாஹிரா சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு அதேபோன்ற இயந்திரக் கையைப் பொருத்தினாள். அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, எபனேசரிடம் கேட்டுக்கொண்டு, குழல்வாய்மொழியை இரண்டு நாள் அழைத்துப் போனாள். சாரல் இல்லாத ஊர். வெயிலில் தாள் வேறுவிதமாக நடந்துகொண்டது. அதைப் புரிந்துகொள்ளவே முதல் நாள் போய்விட்டது. இரண்டாம் நாள் சாப்பிடும்போது, அங்கே தாள் அடுக்குகிற சங்கரேஸ்வரி என்ற பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்:

"யக்கா, இது வந்தா எங்கள அனுப்பிருவாங்களா?"



"எங்க ஊர்ல யாரையும் அனுப்பல. எடம் மாத்துனாங்க. மாத்துன எடத்துல ஒருத்தருக்கு இருக்க முடியல, போயிட்டாரு. நல்ல வேலைக்காரரு. எனக்குத் தோளு நல்லாயிட்டு. ரெண்டும் நடந்துச்சு."

"நீங்க ஏன்க்கா இதக் கேட்டு வாங்குனீக?"

"வலிச்சுது" என்றாள் குழல்வாய்மொழி.

சங்கரேஸ்வரி தன் இடது மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் திருகிக்கொண்டே, எந்த டாக்டரைப் பார்த்தீர்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.