பினாயில் வாசம்

கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்கிறவனின் வேலை ஒழுங்காக நடந்தால் அவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. மூக்கைப் பொத்திக்கொண்டு பிழைப்பு நடத்தும் சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? கண்டியில், மேட்டிலிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஹோட்டலில் கழிவுத் தொட்டி பார்த்தவன் நான். தொட்டியைத் தாண்டிய தண்ணீர் ஓடையில் இறங்கி, கீழே தேயிலைத் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில், அவர்கள் குடிதண்ணீர் பிடிக்கும் பீலியில் விழுந்து, மகாவலி ஆற்றுக்குப் போகும். அந்த லயத்தில்தான் என் தங்கை பாக்கியமும் அவள் மகள் செல்லமும் இருந்தார்கள். நான் தொட்டியைக் காத்தது துரைக்காக அல்ல.

கல் கழுவியவர்

குசினியில் பாத்திரம் கழுவிய தண்ணீரும் கக்கூஸ் தண்ணீரும் முதலில் மூடிய தொட்டியில் தங்கும். மண்டி அடியில் இறங்கியதும், மேல்தண்ணீர் உடைகல் பரப்பிய படுக்கை வழியே சொட்டிச் சொட்டிப் போகும். சூட்சுமமெல்லாம் கல்லில்தான். அதன்மேல் பாசி மாதிரி ஒரு வழுவழுப்புப் பிடிக்கும். அதற்கு உயிர் உண்டு. அழுக்கைத் தின்பது அதுதான். பிடிக்க மாதக்கணக்காகும்.

ஒரு தடவை லீவு முடிந்து வந்தால், பட்லர் அந்தோணி ஆள்வைத்து அத்தனை கல்லையும் தேங்காய்நாரால் தேய்த்து, வெள்ளைவெளேரென்று அடுக்கியிருக்கிறார்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் முதுகில் தட்டிக் கேட்டார்: "மூணு வருஷமா இந்த ஊத்தையில உக்காந்திருக்கியே, ஒருநாளாச்சும் கழுவணும்னு தோணிச்சா?"

கடல் பெரிசு

அன்றைக்கே லயத்துக்கு ஓடினேன். "கல்லு செத்துப்போச்சு பாக்கியம். தண்ணிய மோந்து பாரு. நாறினா தொடாத, மேட்டுக் கிணத்துக்குப் போ" என்றேன். தூரம்தான், ஆனாலும் சரியென்றாள்.

பிறகு ஆபீஸ் கிளாக்கரிடம் போனேன். திருகோணமலைக்காரர், நல்ல மனிதர். கல் மறுபடி பிடிக்கும்வரை கழிவை ஓடையில் விடாமல் குழி வெட்டி விட உத்தரவு கேட்டேன். "மகாவலி போய்ச் சேர்றது உங்க ஊர்க் கடல்லதானேங்க?" என்றும் சொல்லிவைத்தேன். ஊர்ப்பாசம் வேலை செய்யும் என்று ஒரு நப்பாசை. அவர் கதிரையில் சாய்ந்து, போன லீவில் அந்தக் கடலில் குளித்த கதையை ஆசையாகச் சொன்னார். பிறகு பைலை மூடினார். "ஓம், அங்கதான் வருது. ஆனா எங்கட கடல் பெரிசு, தம்பி. அது தாங்கும்."

இரண்டு டின்

பெரஹரா திருவிழா சீசன் வந்தது. அறையெல்லாம் நிறைந்தது. கல் இன்னும் பிடிக்கவில்லை, நாற்றம் வராந்தா வரைக்கும் ஏறியது. பட்லர் தினமும் இரண்டு டின் பினாயிலைத் தொட்டிக்குள் கொட்டவைத்தார். அப்போதுதான் லேசாகத் துளிர்த்திருந்த வழுவழுப்பும் செத்தது. "இது நாத்தத்த மறைக்கும், அழுக்கத் திங்காதுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "நாத்தம் போச்சுல்ல? அதுக்கு மேல உனக்கு என்னடா சுத்தம்?" என்றார்.

மோந்து பார்த்தது

இதையும் பாக்கியத்திடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சீசன் முடியட்டும் என்று இருந்துவிட்டேன், பாவி. செல்லத்துக்கு நெருப்புக் காய்ச்சல், அதுதான் டைபாய்டு, என்று ஆள் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தாள். பிழைக்கவில்லை. ஒன்பது வயது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஏன் பீலித் தண்ணீரைக் குடித்தீர்கள் என்று பாக்கியத்திடம் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. அவள் என்னை ஏசக்கூட இல்லை. "நீ சொன்னபடி தினமும் மோந்து பாத்துத்தாண்ணே குடுத்தேன். நாறவே இல்ல. ஆஸ்பத்திரி மாதிரி நல்ல வாசமா இருந்துச்சு."

கல்லெல்லாம் இன்றைக்கும் வெள்ளையாகத்தான் இருக்கிறது, கடலும் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது, இந்த வேலையில் இன்னும் நாறிக்கொண்டிருப்பது நான் ஒருவன்தான்.