அத்தையின் நாலாவது அத்தியாயம்

எங்கள் வீட்டில் யாருக்காவது போர்த்துகல் நாட்டைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தால் உடனே கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருந்தது. அப்படி ஒரு சந்தேகம் யாருக்கும் வந்ததே இல்லை என்பதுதான் அத்தையின் குறை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தோ பாயோ அடுக்குமாடிப் பேட்டையில் எங்கள் மூவறை வீட்டில் இருந்த இரண்டு படுக்கையறைகளில் ஒன்று அப்பா அம்மாவுக்கு, மற்றது அத்தைக்கும் எனக்கும். ஐந்து வருடங்களாக அவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சென்ற நூற்றாண்டின் நடுவில் போர்த்துகலின் மலைக்கிராமங்களில் பெண்பிள்ளைகள் ஏன் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. அதற்காக உதவித்தொகையில் ஒரு வருடம் அங்கே போய் இருந்துவிட்டும் வந்தாள். வரும்போது ஒரு பெட்டி நிறையப் பழைய கடிதங்களின் நகல்களும், அண்ணிக்கு அன்பளிப்பாக ஒரு பொட்டலம் உப்புக் கருவாடும் கொண்டுவந்தாள். அம்மா பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதத்தான் தேக்கா மார்க்கெட்டுல விக்கிறாங்களே, அதுக்கா அவ்ளோ தூரம் போனே?" என்று கேட்டாள். கருவாட்டுக்கு மட்டுமல்ல, ஆராய்ச்சிக்கும் அண்டை வீட்டார் அதே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் அப்போது ஒன்பது வயதுச் சிறுமி. அத்தையின் ஆராய்ச்சியால் பயன் அடைந்த ஒரே ஆள் நான்தான். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் போர்த்துகீசியர் கப்பலில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன சொற்கள் என்று அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். கீழ்மாடி மலாய்த் தோழி பள்ளிக்கூடத்தைச் 'செகோலா' என்கிறாளே, அதுவும் அப்படித்தானாம். வகுப்பில் இதையெல்லாம் எடுத்துவிட்டு நான் ஓரளவு பெயர் வாங்கியிருந்தேன்.

கடைசியில் ஆய்வேட்டை எழுதிக் கொடுத்தாயிற்று. அடுத்தது வாய்மொழித் தேர்வு. மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். அதில் ஒருவர் போர்த்துகலிலிருந்தே வருகிறார், பெரிய பேராசிரியர், அத்தை ஆராய்ச்சி செய்த அதே விஷயத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அத்தை அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'அவங்க' என்றாள். அப்பா அதை 'அந்த ஆளு' என்று எடுத்துக்கொண்டார். நான் என் பங்குக்கு அந்த ஆளுக்குக் கறுப்புக் கோட்டும் பெரிய மீசையும் வைத்துக்கொண்டேன்.

தேர்வுக்கு முந்திய சில வாரங்கள் மாலைநேரங்களில் எங்கள் அறையில் ஒத்திகை நடந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து, அத்தை எழுதிக் கொடுத்த கேள்விகளை மீசைக்காரக் குரலில் வாசிப்பேன். அவள் அலமாரிக்கு முன்னால் நின்று பதில் சொல்வாள். எல்லாவற்றுக்கும் மளமளவென்று பதில் வரும். நாலாவது அத்தியாயம் வந்தால் மட்டும் பாதி வழியில் நின்றுவிடுவாள்.

"இல்ல, இது வேணாம்," என்பாள்.

ஒருநாள் கணினியில் அந்தப் பகுதிக்கு உரிய நான்கு ஸ்லைடுகளை எடுத்தே விட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"அவங்க புத்தகத்துல அந்தக் காலத்து ஏழை அப்பா அம்மாவுக்குப் பொம்பளப் பிள்ளைங்க படிப்புல அக்கறை இல்ல, அதான் நிறுத்திட்டாங்கன்னு எழுதியிருக்காங்க. நான் படிச்ச லெட்டருங்க வேற மாதிரி சொல்லுது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன ஆம்பளைங்க வீட்டுக்கு எழுதின லெட்டரு. அத வாசிக்கிறதுக்காகவே ஒவ்வொரு வீட்லயும் ஒரு பொண்ணுக்காவது எப்பாடு பட்டாவது எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. படிப்பு வேணாம்னு இல்ல. ஸ்கூல்தான் மலை தாண்டி இருந்துச்சு."

"அப்போ அவங்க புக்கு தப்பா?"

அத்தை கதவைப் பார்த்தாள். அப்பாவுக்குக்கூடக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, "தப்புன்னுதான் நினைக்கிறேன்," என்றாள்.

"அப்போ சொல்லுங்க."

"அவங்க ஊரப் பத்தி அவங்ககிட்டயே நான் போய்ச் சொல்றதா? தோ பாயோவுலேர்ந்து? பேசாம இருடா. பாஸானா போதும்லா."

ஆய்வேட்டிலும் அந்த அத்தியாயத்தைப் பட்டும் படாமலும்தான் எழுதியிருந்தாள். இதெல்லாம் எனக்கு அப்படியே மனப்பாடம்.

தேர்வுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, அத்தையை வீட்டில் படிக்க விட்டுவிட்டு, அவள் பெயரில் அர்ச்சனை செய்ய நாங்கள் மூவரும் தேக்காவுக்குப் போனோம். கோயில் முடிந்து பக்கத்து உணவகத்துக்குள் நுழைந்தால் நிற்க இடமில்லை. வெளியூர் ஊழியர்கள், பயணிகள், குடும்பங்கள் என்று கூட்டம் அலைமோதியது. அம்மா எதிர்க்கடையில் பூ வாங்கப் போனாள். அப்பா என்னை ஒரு மேசையில் உட்காரவைத்து, அம்மாவுக்கும் தனக்குமாக இரண்டு நாற்காலிகளுக்கு முன்னால் இடம் பிடிக்க டிஷ்யூ பொட்டலங்களை வைத்து, யார் வந்தாலும் விடாதே என்று சொல்லிவிட்டு வரிசையில் நிற்கப் போனார்.

காலியாக இருந்த நாலாவது நாற்காலிக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். தட்டிலிருந்த மசாலா தோசையை எந்தப் பக்கம் தொடங்குவது என்று முள்கரண்டியை வைத்துக்கொண்டு யோசித்தார். கையால் பிய்க்கவேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது, ஆனால் என் நினைவில் அது தமிழாகவே தங்கிவிட்டது.

எந்த ஊர் என்று கேட்டேன். போர்த்துகல் என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மேசையைத் தட்டி "மேசை" என்றேன். அவர் ஆச்சரியப்பட்டு "மெசா" என்றார். நான் "ஜன்னல்" என்றேன், அவர் "ஜனேலா" என்றார். நான்கைந்து சொற்களில் நாங்கள் உறவாகிவிட்டோம். இதெல்லாம் உனக்கு யார் சொன்னது என்று அவர் கேட்டார்.

அவ்வளவுதான். யாரிடமும் கொட்ட முடியாமல் இருந்த அத்தனையையும் கொட்டினேன். என் அத்தைக்கு உங்கள் ஊரைப் பற்றி எல்லாம் தெரியும். நாளைக்கு அவளுக்குப் பரீட்சை. உங்கள் ஊரிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார், அவர் புத்தகத்தில் தப்பு இருக்கிறது. அம்மா அப்பா படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, பள்ளிக்கூடம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. கடிதத்தில் எல்லாம் இருக்கிறது. நாலாவது அத்தியாயம்.

அவர் தோசையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "இதை நாளைக்கு உன் அத்தை அந்தப் பேராசிரியரிடம் சொல்லப்போகிறாளா?" என்றார்.

"மாட்டாள். அவளுக்குப் பயம்," என்றேன்.

அப்பா தட்டுகளோடு வந்துவிட்டார். அந்த அம்மா எழுந்து, உங்கள் மகள் நன்றாக உபசரிக்கிறாள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு ஒரே பெருமை.

மறுநாள் எனக்கு ஜூன் மாதப் பள்ளி விடுமுறை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. அப்பா பேருந்து ஓட்டுகிறவர், அம்மா மருந்தகத்தில் இருந்தாள். என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அத்தையே கூட்டிப்போனாள். கறுப்புக் கால்சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டவளை, நல்ல நாளும் அதுவுமாக இதுவா உடுப்பு என்று அம்மா கடிந்துகொண்டாள். ரயில் மாறி, கிளமெண்டியில் இறங்கிப் பேருந்து பிடித்தோம். தேர்வு அறைக்கு வெளியே நடைபாதையில் ஒரு பெஞ்சில் என்னை உட்காரவைத்து, வண்ணம் தீட்டும் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அத்தை முகம் கழுவப் போனாள்.

அப்போது அத்தையின் வழிகாட்டிப் பேராசிரியர் வந்தார். அவரோடு பேசிக்கொண்டே தோசைக்கார அம்மாவும் வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் நடை ஒரு கணம் தயங்கியது. பிறகு லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அத்தை ஈர முகத்தோடு திரும்பி வந்தாள்.

"அத்தை, இப்போ உள்ள போன அந்தம்மா யாரு?"

"அவங்கதான்டா. போர்த்துகல் ப்ரொஃபசர்."

"மீசை வச்ச அங்கிள்?"

"எந்த அங்கிள்?"

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். அந்த அம்மா உள்ளே சொல்லிவிட்டால் அத்தை அங்கே தனியாக மாட்டிக்கொள்வாளே என்று பட்டது. அழுதுகொண்டே, "நேத்து தேக்காவுல நான் அவங்ககிட்ட பேசிட்டேன்," என்றேன்.

"பேசினா என்ன? அதுக்கா அழுவே?"

"நாலாவது சாப்டரப் பத்தி."

அத்தை மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள். "என்ன சொன்னே? ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னேன்.

"தப்புன்னு சொன்னியா?"

"ம்."

"எனக்குப் பயம்னு சொன்னியா?"

"ம்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அதுவரை அவள் என்னை அடித்ததில்லை, ஆனால் இதைவிடப் பெரிய குற்றத்தை நானும் அதுவரை செய்ததில்லை. ஐந்து வருடப் படிப்பு. உதவித்தொகை போன மாதத்தோடு முடிந்துவிட்டது. இன்னொரு முறைக்கு வழியில்லை என்று அவளும் அப்பாவும் பேசியது எனக்கும் தெரியும். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மடிக்கணினியைத் திறந்து ஏதோ தேடினாள். எட்டிப் பார்த்தேன். ஒரு பழைய கடிதத்தின் படம் திரையில் வந்தது. எடுத்துப்போட்டிருந்த நான்கு ஸ்லைடுகளையும் ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே ஒளிச்சு என்ன லாபம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அந்த இரண்டு மணிநேரம் போல ஒரு நேரத்தை நான் பிறகு அனுபவித்ததில்லை. முதலில் பேச்சு தாழ்வாகக் கேட்டது. பிறகு அந்த அம்மாவின் குரல் உயர்ந்தது. அதற்கு மேலே இன்னொரு குரல் எழுந்தது, அது யாருடையது என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. வீட்டில் சர்க்கரை வேண்டுமென்றால்கூட மெல்லக் கேட்கிற அத்தையின் குரல் அது. சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தேன். பிள்ளையாரிடம் அத்தை பாஸானால் ஒரு மாதம் ஐஸ் கச்சாங் என்கிற பனித்துருவல் இனிப்பைச் சாப்பிடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். சத்தம் குறையாததைப் பார்த்து அதை இரண்டு மாதமாக்கினேன்.

கதவு திறந்து அத்தை மட்டும் வெளியே வந்தாள். அவர்கள் கூடிப் பேசி முடிவு சொல்லும்வரை வெளியே இருக்கவேண்டுமாம். என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சில்லென்று இருந்தது. எதிர்ச்சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்ப அழைத்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் உள்ளே கைத்தட்டல் கேட்டது. நான் பெஞ்சிலேயே படுத்துவிட்டேன்.

முதலில் வெளியே வந்தது அந்த அம்மாதான். குனிந்து என்னிடம், "உன் அத்தைக்குப் பயம் என்றாயே, எங்கே? ஒரு மணிநேரம் என்னை வாட்டி எடுத்துவிட்டாள்," என்றார்.

"உங்கள் புத்தகம் தப்புதானே?" என்று கேட்டேன். அத்தனை பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

"நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை," என்றார். "ஊருக்குப் போனதும் அந்தக் கடிதங்களை நானும் படித்துப் பார்க்கிறேன்."

ஒத்துக்கொள்ளாத ஒருவர் எப்படிப் பாஸ் போடுவார் என்பது எனக்குப் பெரிய மர்மமாக இருந்தது. நான் கையால் தோசை சாப்பிடக் கற்றுக்கொடுத்ததால்தான் என்று முடிவு செய்துகொண்டேன். இங்கே வர விமானம் ஏறுவதற்கு முன்பே அவர் அனுப்பியிருந்த அறிக்கையைப் பல வருடங்கள் கழித்து அத்தை எனக்குக் காட்டினாள். நாலாவது அத்தியாயத்தில் இந்த மாணவி தனக்குத் தெரிந்ததில் பாதியைத்தான் எழுதியிருக்கிறார், மீதியைத் தேர்வில் கேட்கவேண்டும் என்று அதில் இருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் அந்தக் கேள்வி வந்தே இருக்கும். உள்ளே போனவுடனே, இவருடைய அண்ணன் மகளை நேற்றுத் தற்செயலாகச் சந்தித்தேன் என்று மற்ற இருவரிடமும் அவர் சொல்லியும் விட்டாராம்.

ரயிலில் அத்தை ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்தபடி வந்தாள். திட்டவே இல்லை. திட்டு விழாத நிம்மதியில் நான் அவள் தோளில் தூங்கிப்போனேன்.

வீட்டுக்கு வந்தபோது, காலை ஷிப்ட் முடித்த அப்பா சீருடையைக்கூட மாற்றாமல் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வண்டி ஓட்டும்போது அவரால் கைப்பேசியை எடுக்க முடியாது. அத்தைக்கும் செய்தி அனுப்பத் தோன்றவில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்று ஓடி வந்தார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் அண்ணே," என்றாள் அத்தை. "ஒண்ணு விடாம சொல்லிட்டேன்."

"அது சரி. பாஸா இல்லையா, அதச் சொல்லு."

அத்தை ஒரு கணம் அவரைப் பார்த்தாள். கேள்வி அப்போதுதான் காதில் விழுந்ததுபோல, "அதுவும்தான்," என்றாள்.

அப்பா அவள் தலையைப் பிடித்து ஆட்டி, அம்மாவுக்குச் சொல்லக் கைப்பேசியைத் தேடினார். நான் அவர் பக்கம்தான். பாஸானதை முதலில் சொல்லாமல், வேறு எதையோ சொல்லிக்கொண்டு நிற்கிறாளே, டாக்டர் பட்டம் வாங்கியவர்களுக்கு இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாதா என்று நினைத்தேன்.