மகள் எழுதிய ஆட்சேபம்

உப்பளத்தில் குத்தகை சொன்ன தேதியில் முடியும். மறுநாள் விடிந்ததும் அடுத்தவர் மண்வெட்டியோடு பாத்தியில் இறங்கிவிடுவார், யாரும் தடுப்பதில்லை. மரக்காணத்தில் இத்தனை வருடமாக நான் அப்படித்தான் பாத்தி எடுத்து வருகிறேன். மருந்தின் காப்புரிமையும் அப்படியே முடியும் என்று நம்பிவிட்டேன்.

என் மகளுக்கு இரத்தப் புற்றுநோய். தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டால் கல்லூரிக்குப் போகலாம், என்னோடு சண்டை போடலாம். நிறுத்தினால் நோய் திரும்பும். அதை ஒரே நிறுவனம்தான் விற்றது. விலை எங்களுக்கு எட்டாதது. அந்த நிறுவனம் ஓர் அறக்கட்டளை மூலம் இலவசமாகக் கொடுத்துவந்ததும் விரைவில் நிற்க இருந்தது. காப்புரிமை முடிந்தால் மற்ற நிறுவனங்கள் அதே மருந்தை மலிவாக விற்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தேன்.

அந்தத் தேதிக்கு மறுநாள் மருந்துக்கடை திறக்கும் முன்பே போய் நின்றேன்.

"இன்னும் வரலைண்ணே," என்றார் கடைக்காரர். "அந்தக் கம்பெனி இன்னொரு பேட்டண்ட் கேட்டிருக்குதாம். அது கெடைச்சிட்டா நஷ்டஈடு கட்டணும்னு மத்தவங்க பயப்படறாங்க."

பக்கத்துப் பாத்திக்காரர், "ஏம்பா, மாத்திரையும் பாத்தின்னு நெனச்சிட்டியா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மகள் அழவில்லை. அந்த விண்ணப்பத்தைத் தேடி எடுத்துப் படித்தாள். மருந்தின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள், அதனால் கூடுதலாகக் குணமாகும் என்று எங்கேயும் காட்டவில்லை என்றாள். நம் சட்டப்படி புதுக் காப்புரிமைக்கு அது போதாதாம். யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாமாம். புதுச்சேரியில் ஒரு வழக்கறிஞரின் உதவியோடு எழுதத் தொடங்கினாள். கம்பெனியைப் பகைத்துக்கொண்டால் இருக்கிற மாத்திரையும் நின்றுவிடும் என்று கெஞ்சினேன்.

"நீ பயப்படுப்பா. நான் எழுதறேன்," என்றாள்.

காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை லேப்டாப்பில், எங்கள் வீட்டிலேயே நடந்தது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். உங்களை உயிரோடு வைத்திருக்கும் மருந்தையே எதிர்க்கிறீர்களா என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்டார். மருந்தை எதிர்க்கவில்லை, அதற்கு இருபது வருடம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று, இப்போது புதிதாக எதைக் கண்டுபிடித்தீர்கள் என்றுதான் கேட்கிறேன் என்று அவள் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். எனக்கு அதைப் பிறகு அவளே தமிழில் சொன்னாள்.

ஆணை வர மாதங்கள் ஆயின. அறக்கட்டளை இரண்டு முறை நீட்டித்தது. இனி முடியாது என்றது. கடைசி அட்டையைப் பிரித்திருந்த வாரத்தில் மலிவு மாத்திரை கடைக்கு வந்தது. கம்பெனியின் விண்ணப்பம் தள்ளுபடி ஆகியிருந்தது. அவள் மாத்திரையை விழுங்கிவிட்டு, பஸ் போய்விடும் என்று ஓடினாள்.

ஆணையில் ஆட்சேபித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருக்கிறது. அந்தப் பக்கத்தை உப்பளத்தில் நான் காட்டாத ஆளில்லை. புது மாத்திரையும் கேட்கிறதா என்று அடுத்த இரத்தப் பரிசோதனை சொல்லும்வரை எனக்குத் தூக்கம் வராது, அது வேறு விஷயம்.