கூண்டு இருந்த இடத்தில் மணவறை

பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை நான். லண்டன் ஹரோவில் புதுவீடு வாங்கியபோது கண்ணூறு நாவூறு கழிக்க ஒரு எலுமிச்சம்பழம்கூட வெட்டாதவள். கேட்டுவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், எனக்கென்ன.

என் தங்கை சுமதிக்கு இரண்டாம் கல்யாணம். முதல் புருஷனின் அடி தாங்காமல் வெளியே வந்தவள், ஆனால் சனம் அவளைத்தான் குற்றம் சொன்னது. இப்படிக் கதை கட்டுகிறவர்களுக்கு எட்டாத தூரமாக இருக்கட்டும் என்று, லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில், இப்போது கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிற பழைய கோர்ட் கட்டடத்தை எடுத்தேன். அங்கேயும் வந்துவிட்டார்கள்.

மணவறை கிழக்குப் பார்க்கவேண்டும் என்றார் ஐயர், அப்படியே வைத்தோம். காலையில் கட்டடத்தைப் பராமரிக்கிற வெள்ளைக்காரர் வந்து, குற்றவாளிக் கூண்டு இருந்ததும் சரியாக அதே இடத்தில்தான், தூக்குத் தீர்ப்பைக்கூட அங்கே நின்றுதான் கேட்டார்கள் என்று ஏதோ பெருமையாகச் சொன்னார். எதிர்ச் சுவரைக் காட்டி, நீதிபதி வருகிற கதவு அங்கே இருந்தது, மூன்று தரம் தட்டினால் எல்லோரும் எழும்பவேண்டும், அதை எப்போதோ கல் வைத்து அடைத்துவிட்டார்கள் என்றார். பக்கத்தில் நின்ற பெரியம்மாவுக்கு அது போதும்.

"ஐயோ, குற்றவாளி நிண்ட இடத்திலயோ பொம்பிளை இருக்கிறது? மாத்து பிள்ளை, இல்லாட்டி இதுவும் நிலைக்காது."

எனக்கு வந்ததே கோபம். "மாத்த ஏலாது பெரியம்மா! என்ர தங்கச்சி ஒரு குற்றமும் செய்யேல்ல. அவள் அதிலதான் இருப்பாள்."

இருந்தாள். கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோகிற நேரம் டொக், டொக், டொக். மேளம் தானாக நின்றது. யார் சொல்லி என்று தெரியாது, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்த பெரியம்மா உட்பட மண்டபமே எழும்பி நின்றது, நானும்தான், என் கால் என்னைக் கேட்கவில்லை. பிறகு மேளம் தொடங்கியது, தாலி ஏறியது, அட்சதையாக அறுகரிசி பறந்தது.

நம்பினால் நம்புங்கள், வீடியோவில் அந்தத் தட்டுகிற சத்தமே இல்லை. மேளம் நிற்கிறது, நாங்கள் எழும்புகிறோம், சுமதி மட்டும் எதிர்ச் சுவரைப் பார்த்துத் தலையாட்டுகிறாள். சுவரைப் பார்த்து ஏனடி தலையாட்டினாய் என்று கேட்டேன்.

"சுவரோ? அங்க கதவெல்லோ திறந்து கிடந்தது. நீ போகலாம் எண்டு ஒராள் சொன்னார், அக்கா."

அவள் நன்றாக இருக்கிறாள். மணவறையை மாற்றாதது சரிதான் என்று இன்றும் யாரிடமும் சொல்வேன். ஆனால் வீட்டுக் கதவைத் தபால்காரர் தட்டினாலும் நான் எழும்பி, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறேன்.