கார் நிழல்

மேட்டுப்பாளையம் தாண்டி, பவானி ஆற்றங்கரையில் அவரைப் பார்த்தேன். வெயிலில் கறுத்த, ஒல்லியான மனிதர். காரின் பின்னால் கட்டி இழுத்து வந்த டிரெய்லர் வீட்டோடு தங்கியிருந்தார். அங்கே கரண்ட் கிடையாது. தரையில் மூன்று சோலார் பேனல்களை விரித்து, துண்டால் துடைப்பதும் வெயில் பக்கம் திருப்புவதுமாக இருந்தார்.

நான் பக்கத்திலேயே காரை நிறுத்தினேன்.

“ஏனுங்க, வண்டி நெழல் பேனல் மேல விழுகுதுங்க. கொஞ்சம் தள்ளி நிறுத்தறீங்களா? பேட்டரி ஏறோணுமுங்க.”

ஃபேன் ஓட்டத்தானே என்று எனக்கு எரிச்சல்.

“குளிச்சுப்போட்டு வந்து எடுக்கறனுங்க.”

“அவசரமில்லைங்க,” என்றார்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினேன். ஒரு பேனலைத் தலைக்குமேல் வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். டிரெய்லருக்குள் ஏதோ மெஷின் திணறித் திணறி ஓடியது. ஜன்னலோரம் அவர் வயதொத்த ஓர் அம்மா, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, ஆற்றைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

“எங்கூட்டு அம்மணிங்க. ஒருக்கா ஆத்தைப் பாக்கோணும்னு ஆசப்பட்டா.”

“மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே!”

“குளிக்கப் போறவங்களை எப்படிங்க நிறுத்தறது?”

காரை நகர்த்தினேன். அதற்கு நன்றி வேறு சொன்னார்.

எங்கள் ஊரில் நாள் முழுக்க யாராவது ‘அவசரமில்லைங்க’ என்கிறார்கள். இப்போதெல்லாம் அதைக் கேட்டதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.