மேஸ்திரியின் கட்டைவிரல்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்துத் தோல் மண்டி ஒன்றில் நான் கடிதம் எழுதும் குமாஸ்தா. என் ஆங்கிலம் மாதம் இரண்டு தடவை கப்பலேறும், நான் ஏறியதில்லை. 'எங்கள் ஆட்டுத்தோல் முதல் தரமானது' என்று சீமை வியாபாரிகளுக்கு எழுதுவேன். எந்த ஆடு கத்தியில் செத்தது, எந்த ஆடு நோயில் செத்தது என்று எந்தத் தோலும் வாய் திறந்து சொன்னதில்லை. உப்புப் போட்டுக் காயவைத்துவிட்டால் எல்லாம் ஒரே விலை, ஒரே நாற்றம். டிராமில் என் பக்கத்து இடம் எப்போதும் காலியாகவே இருக்கும். அதைப் படித்தவனுக்குக் கிடைத்த மரியாதை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிடங்கிலிருந்து வண்டிக்குக் கட்டு தூக்குகிறவர்கள் கோணியை முக்காடாக மடித்துப் போட்டுக்கொண்டு பிடரியில்தான் சுமப்பார்கள். கோணி நழுவிக்கொண்டே இருக்கும். உப்பும் ஆட்டு மயிரும் பிடரியைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

உடம்பு முடியவில்லை என்றால் மேஸ்திரியிடம் காட்ட வேண்டும். எங்கள் மண்டிக்கு அவர்தான் ஆஸ்பத்திரி. வலிக்கிற இடத்தைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். ஆள் கத்தினால் அரைக்கூலியோடு வீட்டுக்குப் போகலாம். கத்தாவிட்டால் அடுத்த கட்டு. இந்த ஏற்பாட்டில் எங்களிடம் நல்ல நடிகர்கள் தேறினார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவன் போட்ட கூச்சலில் முதலாளி பாய் சோற்றுக் கையோடு வாசலுக்கு ஓடிவந்திருக்கிறார்.

நடிக்கத் தெரியாதவர் ஒருவர் இருந்தார். வியாசர்பாடியிலிருந்து நடந்தே வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பொய் சொல்லமாட்டார் என்று சொல்வது பெரிய வார்த்தை. சாமர்த்தியம் போதாது என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். அவர் பிடரியில் ஒருநாள் ஒரு பரு வந்தது. அவரைத் தவிர நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். முதலில் பூச்சிக்கடி மாதிரி இருந்தது. பிறகு சுற்றிலும் சின்னச் சின்னக் கொப்புளம். பிறகு நடுவில் அடுப்புக்கரித் துண்டை ஒட்டவைத்தது மாதிரி ஒரு கறுப்பு.

"மாமே, கய்த்துல இன்னாது அது? மேஸ்திரியாண்ட காட்டு" என்று கூட்டாளிகள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல மேஸ்திரி."

இன்னும் பலமாக அழுத்தினார். "இப்ப?"

"கொஞ்சம் அரிக்கும். வலியெல்லாம் இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு வந்து நின்னுகினு கீறே? வண்டி காத்துகினு கீது, தூக்கு."

வெளியே வந்ததும் இடுப்பு நடிகன் தலையில் அடித்துக்கொண்டான். "கத்திட்டு வூட்டுக்குப் போயிருக்கலாமே நைனா! ஒரு சத்தம் குடுக்கறதுக்கு இன்னா பேஜாரு உனக்கு?"

"வலிக்காத எப்டிடா கத்துறது?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஜன்னல் வழியாகச் சிரித்தேன்.

அப்புறம் கழுத்து வீங்கியது. காதிலிருந்து தோள்வரை ஒரே தடிப்பு. அப்போதும் வலி இல்லை என்றுதான் சொன்னார். பிறகு காய்ச்சல் வந்தது. அதோடும் வந்து தூக்கினார். ஒரு மத்தியானம் கட்டோடு கட்டாக உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு மேஸ்திரியும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் கழுத்தைத் திருப்பிப் பார்த்த உடனேயே கேட்டார். "தோல் கிடங்கில் வேலையா?"

"ஆமாங்க."

"இத்தனை நாள் ஏன் கூட்டி வரவில்லை?"

"வலிக்கலைன்னாருங்க" என்றார் மேஸ்திரி.

"வலிக்காது ஐயா. இந்த நோயில் புண் வலிக்காது. ஆடுமாட்டுக்கு வரும் அடைப்பான், செத்த பிறகும் தோலில் உட்கார்ந்திருக்கும். அதுதான் இது."

பென்சிலின் போட்டார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் இறங்கிவிட்டதாம். மறுநாள் சாயங்காலம் போய்விட்டார். கரி என்ற பொருளில்தான் கிரேக்கர்கள் இதற்கு ஆந்த்ராக்ஸ் என்று பெயர் வைத்தார்கள் என்று பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தேன். என் படிப்பு எப்போதுமே பிணத்துக்குப் பின்னால்தான் வரும்.

மண்டியில் அதற்கப்புறம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, பிடரியைத்தான் பார்த்தார்கள். என் காலருக்கடியிலும் ஒரு பரு இருந்தது. பேனாவைவிடக் கனமான எதையும் நான் தூக்கியதில்லை. ஆனாலும் ஒளிந்து நின்று அழுத்திப் பார்த்தேன். உயிர் போகிற வலி. அவ்வளவு சந்தோஷம் எனக்குச் சம்பள நாளில்கூட வந்ததில்லை. சந்தேகம் தீர அன்று முழுக்க அழுத்திக்கொண்டே இருந்ததில், பொழுது சாய்வதற்குள் அது எலுமிச்சங்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

காரியம் முடிந்தபின் மேஸ்திரியும் நானும் வியாசர்பாடிக்குப் போனோம். இறந்தவரின் மனைவி குடியிருப்பின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். துக்கம் விசாரிக்கப் போகிறவன் சொல்ல வேண்டிய பொய்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். 'கஷ்டப்படாமல் போனார்' என்பது அதில் முதல் பொய். அதை நான் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் அந்த அம்மாளே மேஸ்திரியைக் கேட்டார்.

"ஆஸ்பத்திரில சேக்கற வரிக்கும் நீங்கதான் கூட இருந்தீங்களாமே. ரொம்ப வலிச்சுதா அவுருக்கு?"

மேஸ்திரி தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் மறுபடி கேட்டார்.

"சொல்லுங்க. வலிச்சுதா?"

"இல்லம்மா" என்றார் மேஸ்திரி. "நான்தான் அமுக்கிப் பாத்தேன். வலிக்கவே இல்ல."

"அந்த மட்டும் புண்ணியம்" என்று சொல்லி அந்த அம்மாள் எழுந்து நின்றார். மேஸ்திரியை இரண்டு கையாலும் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிட மேஸ்திரிக்குக் கை எழவில்லை. வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.