ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்ட ஆயர்

நம் ஆயர் எபநேசர் ஐயா இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே படித்துத் தெரிந்துகொண்டேன். சிங்கப்பெருமாள் கோயிலில் மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு, நானும் என் மனைவி கன்னியம்மாளும் சதுரங்கப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். டீக்கடைச் சுவரில் ஐயாவின் படத்தோடு புதிதாக ஒரு சுவரொட்டி. ஏதோ ஜெபக்கூட்டம் என்று நினைத்தேன். கன்னியம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா போட்டுகீது? படி" என்றாள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். மேலே பெரிதாக இருந்ததிலிருந்து ஆரம்பித்தேன். 'கண்' என்று படித்தேன். 'ணீர்' வந்ததும் நிறுத்திவிட்டேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

நினைவு மலருக்கு ஏதாவது சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம் என்று சபைச் செயலாளர் சொன்னார். நானே எழுதுகிறேன் என்றேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வருகிறது. இது துக்கத்துக்காக எழுதுவது. ஆனாலும் எழுதும்போது சந்தோஷமாக இருக்கிறது. அது தப்பா என்று ஐயாவைக் கேட்டிருந்தால், தப்பில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

ஐயா என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். செங்கல்பட்டில் வளர்ந்தவர், கடலோரம் அவருக்குப் புதிது. நம் சபைக்கு வந்த முதல் வாரமே மார்க்கெட்டுக்குப் போய் நாறிப்போன சங்கரா மீனை வாங்கி வந்தார். வழியில் மீன் விற்றுக்கொண்டிருந்த கன்னியம்மாள் அதைப் பிடுங்கிப் பார்த்தாள். "ஐயா, இத பூனகூடத் தின்னாது. செவுளத் தூக்கிப் பாத்து வாங்கணும்" என்று அங்கேயே பாடம் நடத்தினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அதைச் சொன்னார். "அந்த மீனால எங்க வூட்ல மூணு நாள் பேச்சுவார்த்தை இல்ல. கல்யாண வாழ்க்கையப் பத்தி நான் நெறைய பேசறேன். ஆனா மன்னிப்புக் கேட்டது மூணாவது நாள்தான். மொதல் நாளே கேட்டிருந்தா ரெண்டு நாள் வெறும் சாம்பார் தின்ன வேண்டியிருந்திருக்காது." பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமானது. தன் வீட்டுக் கதையைப் பீடத்திலிருந்து சொன்ன ஆயரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

தேர்தல் சமயத்தில் என் கட்சி வேட்பாளரை ஒரு ஞாயிறு காலை ஆலயத்துக்கு அழைத்து வந்தேன். ஆராதனையில் இரண்டு வார்த்தை பேசலாம் என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். ஐயா அவரை வரவேற்று முன்வரிசையில் உட்கார வைத்தார், பாட்டுப் புத்தகம் கொடுத்தார். மைக்கை மட்டும் கொடுக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் நான் கோபமாகப் போய் நின்றேன்.

"பெரியவரே, நான் யாருக்கு ஓட்டுப் போடறேன்னு எங்க வூட்டம்மாவுக்கே தெரியாது. அவங்க யாருக்குப் போடறாங்கன்னு நானும் கேக்கறதில்ல. கன்னியம்மா யாருக்குப் போடறாங்க?"

"நான் சொல்ற ஆளுக்குத்தான்" என்றேன்.

எனக்குப் பின்னால் கன்னியம்மாள் நின்றிருக்கிறாள். "அப்பிடியே நெனச்சிக்கினு இரு" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். ஐயா சிரித்த சிரிப்பில் அவர் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உங்களில் பலர் அன்று ஆலயத்தில் இருந்தீர்கள். ஆனால் முழுக்கதை உங்களுக்குத் தெரியாது.

கன்னியம்மாள் கடலோரக் குப்பத்துப் பெண். நான் வயல் வேலை செய்த கிறிஸ்தவக் குடும்பம். அவள் ஊர் அம்மன் கோயிலில்தான் தாலி கட்டினேன். பெரிய மகள் பிறந்த பிறகு அவள் ஞானஸ்நானம் எடுத்தாள். ஆலயத்தில் திருமணத்தைப் பதிவு செய்தால்தான் இருவருக்கும் திருவிருந்து என்று அப்போதிருந்த ஆயர் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து அவளிடம், "ஒருவாட்டி தாலி கட்டினவங்களுக்கு மறுபடி சர்ச்சுல கட்ட முடியாதாம்" என்று சொன்னேன். அது பொய். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் எல்லாரும் அப்பமும் ரசமும் வாங்கப் பீடத்துக்குப் போவார்கள். நாங்கள் இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். முப்பத்தெட்டு வருடம்.

எபநேசர் ஐயா அதைக் கவனித்து என்னைக் கேட்டார். நான் அதே பொய்யைச் சொன்னேன். "அப்படி ஒரு சட்டமே இல்லியே! கல்யாண அறிக்கை வாசிச்சிடலாம்" என்றார். இனி தப்பிக்க முடியாது என்று தெரிந்தது. அவளுக்குச் சொல்ல வேண்டாம், திடீரென்று கேட்டால் சந்தோஷப்படுவாள் என்று நான்தான் யோசனை சொன்னேன். அவருக்கும் அது பிடித்துப்போயிற்று. பெண்ணைக் கேட்டுவிட்டுத்தான் அறிக்கை வாசிக்க வேண்டும் என்பது விதி. இரண்டு ஆண்களும் அதை மறந்துவிட்டோம்.

அடுத்த ஞாயிறு ஐயா வாசித்தார். "மோசேக்கும் கன்னியம்மாளுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது." ஆலயமே திரும்பிப் பார்த்தது. ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "மாப்பிள்ளைக்குப் பல்லு கீதா பாருங்கப்பா!" என்றது. ஐயாவும் சிரித்துக்கொண்டே, "யாருக்காவது நியாயமான ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம்" என்று முடித்தார்.

கன்னியம்மாள் எழுந்தாள். "எனக்கு இருக்குது."

சிரிப்பு நின்றது.

"என்னெ யாரும் ஒரு வார்த்த கேக்கல. முப்பத்தெட்டு வருசமா முடியாதுன்னாங்க. இன்னிக்கு எப்பிடி முடியுதுன்னு யாராச்சும் சொல்லுங்க. அப்பறம் பாக்கலாம்."

ஐயா அந்தத் தாளை இரண்டாக மடித்தார். "ஆட்சேபம் ஏற்றுக்கொள்ளப்படுகிறது" என்றார். "விதியைத் தெரிந்த நானே அவர்களைக் கேட்கவில்லை. அம்மா, உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." அங்கியோடு, எல்லார் முன்னாலும், கை கூப்பிக்கொண்டு சொன்னார்.

மாலையில் என்னைக் கூப்பிட்டார். "முடியாதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"ஏன் பெரியவரே?"

காரணத்தைச் சொன்னேன். என் அண்ணன் திருமணத்தில் பதிவுப் புத்தகத்தில் அவர் கைநாட்டு வைத்தபோது பெண் வீட்டுக்காரர் ஒருவர் சிரித்தார். அண்ணன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றதைப் பார்த்தேன். எழுதத் தெரியாத எனக்கும் அது வேண்டாம் என்று நினைத்தேன்.

"நீங்க வாட்ச்மேனா இருந்த கம்பெனியில மேனேஜரே மிஷின்ல கைநாட்டு வெச்சிட்டுத்தானே உள்ள போனாரு" என்று சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது. "சபை தன்னை வேணாம்னு சொல்லிடுச்சின்னு இத்தன வருஷம் நெனச்சிக்கினு இருந்திருக்காங்க. அப்பவும் ஞாயிறு தவறாம வந்திருக்காங்க. நானா இருந்தா வந்திருக்க மாட்டேன்."

"நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க ஐயா."

"மாட்டேன். பொய்ய யார் சொன்னாங்களோ அவங்கதான் நிஜத்தையும் சொல்லணும்."

சொல்ல எனக்குப் பத்து மாதம் ஆயிற்று. அதற்குள் ஐயாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு நாள் செங்கல்பட்டுக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டி வந்தது. நான் அதையும் பயன்படுத்தப் பார்த்தேன். "ஐயாவுக்கு முடியல, சீக்கிரம் ஒத்துக்கோ" என்று கன்னியம்மாளிடம் சொன்னேன். அவள் நேரே போய் அவரிடமே கேட்டுவிட்டாள். அவர் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு முறைதான். "என் நோவக் காட்டி அவங்கள அவசரப்படுத்தாதீங்க. நான் இல்லன்னா வேற ஆயர் வருவாரு. கட்டாயப்படுத்திக் கட்டி வெச்ச பேரு எனக்கு வேணாம்."

அன்று மத்தியானம் அவள் மீன் அரிந்துகொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். அவள் கை நின்றது.

"ஒரு கைநாட்டுக்காகவா என்னெ பின்னாடி ஒக்கார வெச்ச?"

"வெக்கமா இருந்திச்சி."

"மகளிர் குழுவுல நான் கையெழுத்துப் போடக் கத்துக்கும்போது சிரிச்சியே, அப்ப வெக்கமா இல்லியா யோவ்?"

நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் குழு நோட்டிலிருந்து வெற்றுத் தாள் ஒன்றைக் கிழித்து என் முன்னால் போட்டாள். "கத்துக்க. கத்துக்கினு வந்து கேளு. கேட்டாத்தான் பதில் சொல்லுவேன்."

பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு நடந்த மாலை வகுப்பில் சேர்ந்தேன். டயாலிசிஸுக்குப் போகிற காரில் ஐயா என்னைத் துணைக்கு ஏற்றிக்கொள்வார். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை கடைப் பலகைகளைப் படிக்கச் சொல்வார். நான் 'பஞ்சர்' என்று படித்து முடிப்பதற்குள் கார் அந்தக் கடையைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். "ஓட்டுநர் தம்பி, கொஞ்சம் மெதுவா. இவரு இன்னும் ஒட்டி முடிக்கல" என்பார். திரும்பி வரும்போது களைத்துப்போய்க் கண்ணை மூடியிருப்பார். அப்போதும், "அடுத்தது இன்னா கடை?" என்று கேட்பார்.

ஒரு நாள் தாளில் 'மோசே' என்றும் 'கன்னியம்மாள்' என்றும் எழுதி அவளிடம் காட்டினேன். "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டேன். எழுபத்திரண்டு வயதில் முதல்முறையாகக் கேட்டேன். அவள் பார்த்துவிட்டு, "யோசிச்சிச் சொல்றேன்" என்றாள். மறுநாள் காலை மீன் கூடையோடு ஆயர் வீட்டுக்குப் போய், "வாசிங்க ஐயா. ஆட்சேபம் இல்ல" என்று சொன்னாளாம். என்னிடம் சொல்வதற்கு முன் அவரிடம் சொன்னாள். அது நியாயம்தான்.

திருமணத்தை ஐயா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே நடத்தினார். பதிவுப் புத்தகத்தில் கன்னியம்மாள் ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் கொடுத்தாள். நான் எழுத நேரமாயிற்று. "அண்ணாத்த, பிரியாணி ஆறுது!" என்று யாரோ கத்தினார்கள். "ஆறட்டும்" என்றார் ஐயா.

அன்றே திருவிருந்து. அவளும் நானும் முதல் ஆளாகப் போய் முழங்காலிட்டோம். ஐயா கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினார். கன்னியம்மாள் கிண்ணத்தின் அடியைத் தன் விரல்களால் தாங்கிக்கொண்டு குடித்தாள். அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் அந்தச் சுவரொட்டி.

ஐயாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது கேட்கிற பழக்கம். இதை எழுதுவதற்கு முன்பும் கன்னியம்மாளைக் கேட்டேன். "நீ பொய் சொன்னத எழுதுவியா?" என்றாள். எழுதுவேன் என்றேன். "அப்ப எழுது" என்றாள். எழுதி முடித்து நேற்று முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை வேண்டாம் என்றாள். அவற்றை அடித்துவிட்டேன். ஏன் வேண்டாம் என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லவில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.